பறி இருக்கிறது, ஏரி எங்கே?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தால், கொஞ்ச நாளில் அதன் பின்னாலேயே ஒரு பயிற்சி வகுப்பும் வந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்தது. துறைமுகங்கள் வந்தபோதும் வந்தது. பனையோலைப் பெட்டி முடையலாம், தையல் கற்கலாம், ஊறுகாய் போடலாம் என்பார்கள். சில வாரங்கள் வகுப்பு நடக்கும். கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பார்கள். படம் எடுத்தவர்கள் போன பிறகு, அந்தப் பெண்களில் பலர் மறுபடி சேற்றுக்கோ, செங்கல் சூளைக்கோ, பட்டணத்து வீட்டு வேலைக்கோ போய்விடுவார்கள்.

இடம்பெயர்ந்த பெண்களுக்குக் கைவினைத் தொழில் மூலம் வாழ்வாதாரம் என்பது நல்ல பேச்சுதான். அதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஓலை எங்கிருந்து வரும்? முடைந்த பெட்டியை யார் வாங்குவார்கள்? நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் கையில் எவ்வளவு நிற்கும்? எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: எதை இழந்ததால் இந்தப் பெண்கள் பெட்டி முடைய வந்தார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போகும் எந்தத் திட்டமும், இழப்பை மறைக்கும் அலங்காரத் துணியாகவே முடியும்.

கணக்கில் வராத இடப்பெயர்வு

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் வருகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டா தீவு 1969இல் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அந்தத் தீவு வெறும் மணல் திட்டாக இருக்கவில்லை. ஏனாதிப் பழங்குடிகளும் மீனவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். நாட்டின் பெருமை மேலே போனபோது அவர்கள் வெளியே போனார்கள்.

தெற்குப் பக்கம் வேறு கதை. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தோடு சேர்த்து ஒரு துறைமுகம் வந்து, 2013இல் சரக்கு கையாளத் தொடங்கியது. 2018இல் அதை அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அந்தத் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிக்கத் திட்டம் போடப்பட்டது. கடலையே மண் கொட்டி நிரப்பி நிலமாக்குவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. இதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரி 22 என்று அறிவிக்கப்பட்டது, பிறகு 2023 செப்டம்பர் 5 என்று அறிவிக்கப்பட்டது. மீனவர்களின் எதிர்ப்புக்கு நடுவே இரண்டு முறையும் தள்ளிப்போனது.

வீட்டைக் காலி செய்தவர்களை எண்ணிவிடலாம். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, வேலை மட்டும் காணாமல் போனவர்களை எப்படி எண்ணுவது? முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் கடல்நீர் ஏரிக்குள் வராது. இறால் குஞ்சும் வராது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க 26.85 கோடி ரூபாயில் அரசு திட்டம் போட்டதே, இந்தச் சிக்கல் எவ்வளவு பெரிது என்பதற்குச் சான்று. தெற்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அந்தக் கழிமுகத்தில் பரவியது. இப்படி ஒவ்வொன்றாக வரும்போது, ஒரு பெண் தன் குடிசையை விட்டு ஓர் அடிகூட நகராமலே இடம்பெயர்ந்தவள் ஆகிவிடுகிறாள்.

சட்டம் இவர்களை அறியாதது அல்ல. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வுச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ யார் என்று விளக்கம் சொல்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர் மட்டுமே அதில் வருவதில்லை. நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக நீர்நிலையை நம்பிப் பிழைக்கும் மீனவர், படகோட்டி குடும்பங்களும் அதில் அடங்கும். ஆனால் இந்தச் சட்டம் நிலத்தை எடுக்கும்போதுதான் பேசத் தொடங்கும். கடலை நிரப்பும்போதும் ஏரி வாய் மூடும்போதும் யாருடைய நிலமும் ‘எடுக்கப்படுவதில்லை’. பட்டா இல்லாத தண்ணீர் போய்விட்டதற்கு யாரும் இழப்பீடு கேட்க முடிவதில்லை.

தண்ணீரிலும் சாதி

இழப்பு எல்லோருக்கும் பொதுவானதுதான், எதற்குச் சாதிக் கணக்கு என்று சிலர் கேட்கக்கூடும். பழவேற்காட்டில் தண்ணீருக்கே சாதிக் கணக்கு உண்டு என்பதுதான் பதில்.

ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே இடத்தில் எல்லோரும் போய் விழாமல் மீன்வளத்தைக் காப்பதற்கு இது நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டுக்கு உரியதுதான். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் வருவதற்குப் பட்டினவர் சாதியில் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் வாழும் பட்டியல் சாதியினருக்கும் இருளர்களுக்கும் பாட்டில் பங்கு இல்லை. எந்தச் சாதியிலும் பெண்ணுக்குப் பங்கு இல்லை.

பங்கு இல்லாதவர்களுக்கு மிச்சமானது கரையோரச் சேறு. வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களை இந்தப் பகுதிக் கழிமுகங்களில் இன்றும் பார்க்கலாம். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போட ஓலையால் முடைந்த ஒரு பறி வேண்டும். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டே மணிக்கணக்கில் நகர்வார்கள். சிப்பி காலைக் கிழிக்கும். உப்புநீர் காயத்தை ஆறவிடாது. பல்லும் தாடையும் நோகும்.

பறி என்பது பழைய தமிழ்ச் சொல். மீன் இட்டு வைக்கும் கூடைக்குப் பெயர். இந்தப் பெண்களின் கைவினை எதுவென்று கேட்டால் நான் முதலில் அந்தப் பறியைத்தான் காட்டுவேன். அது கண்காட்சிக்காக முடைந்தது அல்ல, பிழைப்புக்காக முடைந்தது. இன்று அவர்களிடம் பறி இருக்கிறது. பறியை நிரப்ப வேண்டிய ஏரிதான் கைவிட்டுப் போகிறது. அப்படி இருக்கும்போது, ‘உனக்குத்தான் முடையத் தெரியுமே, அழகான பெட்டியாக முடைந்து கடைக்குக் கொடு’ என்று சொல்வது, கேட்பதற்கு உதவிபோல இருந்தாலும் பாதி நியாயம்தான்.

துறைமுகத்தை எதிர்த்து மீனவர் ஊர்கள் போராடும்போது தலித் மக்களும் இருளர்களும் கூட நிற்க வேண்டும், நிற்கிறார்கள். அதே நேரம், மிச்சமிருக்கும் ஏரியில் இவர்களுக்கும் பங்கு உண்டு என்று அந்த ஊர்ப் பஞ்சாயத்துகள் சொல்ல வேண்டும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். சொல் போவது நல்லது. தண்ணீருக்கு நடுவில் போட்டிருக்கும் கோடும் அதோடு போக வேண்டும்.

பனையோலை சொல்லும் கணக்கு

பழவேற்காட்டில் பனையோலை வேலை பல தலைமுறையாக முஸ்லிம் பெண்களின் கையில் இருந்து வந்த தொழில். பிறகு பயிற்சிகள் மூலம் மற்ற சமூகப் பெண்களும் கற்றார்கள். கட்டடக் கலைஞர் சேவியர் பெனடிக்ட் தொடங்கிய ஆர்டே அறக்கட்டளை போன்ற அமைப்புகள், ஊரின் பழைய கட்டடங்களோடு இந்தத் தொழிலையும் காக்க உழைத்து வருகின்றன. ஒரு குறிப்பிட்ட தாழ்த்தப்பட்ட சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக இது இல்லாதது ஒரு நல்ல தொடக்கம். குப்பத்துப் பெண்ணும், சேரிப் பெண்ணும், இருளர் பெண்ணும், முஸ்லிம் பெண்ணும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இந்தக் கரையில் வேறு அதிகம் இல்லை.

ஆனால் திண்ணையில் உட்காருவதற்கு முன்னால் உள்ள வேலையை யாரும் கணக்கில் வைப்பதில்லை. குருத்தோலையை வெட்டி இறக்க மரம் ஏறுகிறவர் வேண்டும். மரம் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரே மரத்தில் குருத்தைத் தொடர்ந்து வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்பதால், பல மரங்களில் மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும். இறக்கிய ஓலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, வேண்டியதைச் சாயத்தில் வேகவைத்து, மறுபடி காயவைத்து, முடையும்போது ஈரம் தெளித்து வளைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது. பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். ஆக ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் வேலை படுத்துவிடும். மழையும் காற்றுமாகக் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் வருமானம் நிற்கிற காலமும் ஏறக்குறைய அதுவேதான்.

இப்போது கூலிக்கு வருவோம். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி ரூ.336. உடல் உழைப்புக்கு அரசே வைத்த அளவுகோல் அது. ஒரு பெட்டிக்குக் கொடுக்கும் விலையிலிருந்து ஓலை, சாயம், விறகு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மீதியை அதற்குச் செலவான மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு ரூ.336 நிற்கவில்லை என்றால் அந்தப் பெண் தன் கைக்காசைப் போட்டு நம் வீட்டு வரவேற்பறையை அலங்கரிக்கிறாள் என்று பொருள். ஓலையைக் காயவைத்த நேரமும் கிழித்த நேரமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். பெரும்பாலும் முடைகிற நேரத்தை மட்டுமே எண்ணுகிறார்கள். சில இடங்களில் அதையும் எண்ணுவதில்லை. ‘சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஏரிக்கரைப் பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று எப்போது இருந்தது?

பெயர் மட்டும் கப்பலேறிய ஊர்

கைவினைப் பொருளுக்கு உலகச் சந்தை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஊரின் வரலாற்றைப் படிக்க வேண்டும். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமை இடமாக இந்த ஊர் நெடுங்காலம் இருந்தது. இங்கிருந்து போன துணிக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. பழையகாட்டுக் கைலியும் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விலைபோயின. அதே துறையிலிருந்து, பஞ்சத்திலும் போரிலும் சிக்கி அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் 17ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றப்பட்டார்கள்.

துணியின் பெயர் உலகம் சுற்றியது. நூல் நூற்றவள் பெயரும், சாயம் தோய்த்தவர் பெயரும் எங்கும் இல்லை. சந்தை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நானூறு ஆண்டுப் பாடம் இது. விலையை யார் வைக்கிறார்கள், பெயர் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

குலத்தொழிலா, தொழிலா?

தலித் இயக்கத்தில் உள்ள பலருக்கு ‘பாரம்பரியக் கைத்தொழில்’ என்ற சொல்லைக் கேட்டாலே உறுத்தும். உறுத்த வேண்டிய சொல்தான். சாதி என்பது வேலையை மட்டும் பிரித்த ஏற்பாடு அல்ல, வேலை செய்கிறவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்கிய ஏற்பாடு என்பதை 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று தமிழ்நாடு அடையாளம் கண்டது. அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

அந்த விவாதம் இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு உதவி தருகிறது. கூடை, பாய், துடைப்பம் செய்வோரும் அந்தப் பட்டியலில் உண்டு. குடும்ப வழியாகச் செய்துவரும் தொழிலாக இருக்க வேண்டும் என்றும், 18 வயதிலேயே சேரலாம் என்றும் அதில் இருந்த நிபந்தனைகளைத் தமிழ்நாடு எதிர்த்தது. குடும்பத் தொழில் நிபந்தனை கூடாது, வயது 35 ஆக இருக்க வேண்டும் என்று கேட்டு, அது ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் திட்டத்தைச் செயல்படுத்த முடியாது என்று எழுதியது. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் 25 தொழில்கள். 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது நிரம்பியவர்கள் சேரலாம். சாதி, குடும்ப வழி எதுவும் தேவையில்லை.

இந்த வேறுபாடு சிறியது அல்ல. 18 வயதுப் பெண் கல்லூரியில் இருக்க வேண்டும். அவள் கையில் ஓலையைக் கொடுக்கிற எந்தத் திட்டமும் நமக்கு வேண்டாம். தண்ணீரை இழந்து, நாற்பது வயதில் புதிதாக எதையாவது தொடங்க வேண்டிய நிலையில் நிற்கும் அவளுடைய அம்மாவுக்கு ஓலை ஒரு வழியாக இருக்கலாம். கைவினை அம்மாவுக்கு ஊன்றுகோலாகட்டும். மகளுக்கு விலங்காகிவிடக் கூடாது. எந்தத் திட்டத்தையும் எடைபோட இந்த ஓர் அளவுகோல் போதும்.

ஆனால் மாநிலத் திட்டத்திலும் ஒரு இடைவெளி உண்டு. கடன் வங்கி மூலம் வருகிறது. ஏரிக்கரையில் புறம்போக்கில் குடியிருப்பவளிடம் வீட்டுப் பட்டா இல்லை. பழைய வங்கிக் கணக்கு வழக்கு இல்லை. இருளர் குடும்பங்களில் பலருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே தனிப் போராட்டம். தாட்கோ வழியாக ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான தொழில் முனைவுத் திட்டத்தில் 35 விழுக்காடு, அதாவது மூன்றரை லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அதற்கும் முதலில் அந்தச் சான்றிதழ் வேண்டும். மானியம் காகிதத்தில் பெரிதாக இருக்கிறது. அந்தக் காகிதத்தை அடையும் வழிதான் ஏரிச் சேற்றைவிட வழுக்குகிறது.

கையில் உரிமை இருந்தால்

உரிமையாளராக இருப்பதும் கூலியாளாக இருப்பதும் எப்படி வேறுபடும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செங்கல் சூளைகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்கள், 2022இல் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு மெய்யூரில் தங்களுக்கென ஒரு சூளையைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த வேலை மாறவில்லை. அதே மண், அதே அச்சு, அதே நெருப்பு. முன்பணம் கொடுத்து மனிதரைக் கட்டிவைக்கும் முதலாளி மட்டும் நடுவில் இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் கடலோரப் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பனையோலைப் பொருள்களைச் செய்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவற்றிலிருந்து பழவேற்காட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. அவற்றைக் கோரிக்கைகளாகவே வைக்கலாம்.

முதலாவது, ஓலைக்கு உரிமை. அரசுப் புறம்போக்கில் உள்ள மரங்களின் பலனை அனுபவிக்க ‘2சி பட்டா’ என்றொரு ஏற்பாடு வருவாய்த் துறையில் நெடுநாளாக இருக்கிறது. ஏரிக்கரை, சாலையோரப் பனைகளுக்கு அந்தப் பட்டாவை நிலமற்ற பெண்களின் குழுக்களுக்குக் கொடுக்கலாம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும், பனை விதைகளை நட்டு வளர்ப்போம் என்றும் 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மரத்தைக் காக்கும் அரசு, அந்த ஓலையை யார் எடுப்பது என்பதையும் முடிவு செய்யட்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையில்தான் பஞ்சமி நிலம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசாணை வந்தது. அன்று பொன்னேரியும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. நிலம் கேட்ட மண்ணில் மரம் கேட்பது புதிது அல்ல.

இரண்டாவது, உறுதியாக வாங்கும் ஒருவர். கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. கருப்பட்டிக்கும், கோயில் பிரசாதத்துக்கும், அரசு விழாக்களில் தரும் இனிப்புக்கும் ஓலைப் பெட்டி வாங்குவோம் என்று ஓர் ஆணை போட்டால் போதும். 1973இல் தொடங்கிய பூம்புகார் நிறுவனமும், மகளிர் குழுப் பொருள்களை விற்கும் ‘மதி’ அங்காடிகளும் ஆண்டுக்கு இவ்வளவு எடுப்போம் என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். முன்பணமும் தர வேண்டும். இல்லையென்றால் மழைக்கு முன்னால் ஓலை வாங்கி இருப்பு வைக்க முடியாது.

மூன்றாவது, பெயர் யாருக்கு என்பது. பழவேற்காட்டு ஓலைப் பொருளுக்கு நாளை புவிசார் குறியீடு கிடைத்தால், அதன் உரிமை முடைகிற பெண்களின் சங்கத்திடம் இருக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் தலித், இருளர், முஸ்லிம், மீனவப் பெண்கள் எல்லோருக்கும் இடம் உண்டு என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ஏரியில் நடந்த பாடு, ஓலையிலும் நடக்கும்.

நான்காவது, ஏரி. இறால் தடவும் பெண்களைக் கணக்கெடுத்து, அவர்களையும் மீனவர்களாகப் பதிவு செய்து அடையாள அட்டை தர வேண்டும். அட்டை இல்லாதவள் இழப்பீட்டுப் பட்டியலிலும் வரமாட்டாள்; எதிர்ப்புக் கூட்டத்தில்கூட வெளியாள் ஆகிவிடுவாள். முதல் மூன்று கோரிக்கைகளும் நிறைவேறி நான்காவது விட்டுப்போனால், ஏரியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்ட கதையாக முடியும்.

செய்யக்கூடியவை

இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்கள், குறிப்பாகப் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள், விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்க முடியுமா? நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி போடுங்கள்: பெயர், செய்த பொருள், ஆன மணி நேரம், கழிவு போகக் கையில் நின்ற பணம். பத்து வீட்டில் கேட்டு எழுதினாலே, மேலே சொன்ன ரூ.336 கணக்கை ஆதாரத்தோடு அதிகாரியின் முன்னால் வைக்கலாம். இறால் தடவப் போகிறவர்கள் ஆண்டில் எத்தனை நாள் போகிறார்கள், பத்து ஆண்டுக்கு முன் எத்தனை நாள் போனார்கள் என்பதையும் கேளுங்கள். படித்த பிள்ளை தன் அம்மாவின் வேலையை எண்ணிக் காட்டுவதைவிடப் பெரிய சமூகப் பணி இந்தக் கரையில் இல்லை.

பெண்கள் குழுக்கள் கிராம சபையை விட்டுவிடக் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 2சி பட்டா வேண்டும், கையால் மீன் பிடிக்கும் பெண்களுக்கு அடையாள அட்டை வேண்டும் என்று இரண்டே தீர்மானம். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

துறைமுக விரிவாக்கம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் மறுபடி அறிவிக்கப்பட்டால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முப்பது நாள் முன்னறிவிப்பும், தமிழில் திட்டச் சுருக்கமும் தர வேண்டும். எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படித்து, கையால் இறால் பிடிக்கும் பெண்கள் என்று அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதிக் கொடுங்கள்.

ஓலை முடையத் தெரிந்த கை நல்ல கை. அதற்கு விலை வேண்டும், மரம் வேண்டும், சங்கத்தில் நாற்காலி வேண்டும். கூடவே, விரும்பிய நாளில் பறியை எடுத்துக்கொண்டு இறங்க ஏரியும் வேண்டும். பயிற்சி வகுப்பு நடத்த வருகிறவர்களிடம் அடுத்த முறை இந்த நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு அவர்கள் படம் எடுத்துக்கொள்ளட்டும்.